இரும்பை ஏந்திய நுண்மணிகள்

நுழையும்முன்

தனித்து நிற்கும்போது ஒரு பொருளுக்கு இல்லாத ஆற்றல், தன்னினும் வேறுபட்ட மற்றொரு பொருளோடு கூடும்போது வாய்க்கிறது. ஆயினும் கூடுதல் மட்டும் போதாது. எவ்வளவு கூடியது, எங்கே கூடியது, எல்லாவற்றிலும் ஒரேபோல் கூடியதா என்பவற்றை அளந்தறிதல் வேண்டும். கண்ணுக்குத் தனித்துப் புலப்படாத பலபடி மணிக்குள் இரும்பின் ஆக்சைடை விளைவித்து, அதனை மருத்துவத்திற்குத் துணையாக்கிய அறிவியல் முயற்சியை இப்பாடம் விளக்குகிறது.

எலும்பு உணர்த்தும் உண்மை

கோழியின் கால் எலும்பு ஒன்றைச் சில நாள்கள் வினிகரில் ஊறவைத்து எடுத்தால், அது ரப்பரைப் போல் வளையும். மற்றோர் எலும்பைத் தீயிலிட்டு நன்றாகச் சுட்டால், அது வடிவம் மாறாமல் வெளுத்து நிற்கும். ஆனால், விரலால் அழுத்தியவுடன் நொறுங்கிவிடும். வினிகர் கரைத்துச் சென்றது கால்சியம் பாஸ்பேட் என்னும் கனிமத்தை. தீ எரித்து அழித்தது கொலாஜன் என்னும் புரதத்தை. கனிமம் நீங்கிய எலும்பு உறுதியை இழந்தது. புரதம் நீங்கிய எலும்பு இணக்கத்தை இழந்தது. இரண்டும் சேர்ந்திருந்தபோதுதான் அது எலும்பாக இருந்தது.

கொலாஜன் ஓர் இயற்கைப் பலபடி. ஆகவே, எலும்பு என்பது பலபடியும் கனிமமும் இணைந்த ஒரு கூட்டுப்பொருள். இவ்வகையான இணைப்பை மனிதரும் நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர். பழங்காலக் கட்டடக் கலைஞர், சுண்ணாம்புக் காரையோடு கடுக்காய்ச் சாற்றையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்தனர். மண்சுவர் எழுப்பியோர் களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்துப் பிசைந்தனர். கூட்டுப்பொருளின் இலக்கணம் இவற்றில் தெளிவாகத் தெரிகிறது. இணையும் பொருள்கள் தத்தம் இயல்பை இழப்பதில்லை. ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது.

பலபடியும் கனிமமும்

ஒற்றைப்படிகள் எனப்படும் சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் பிணைந்து உருவாகும் பெரிய மூலக்கூறு பலபடி ஆகும். ஸ்டைரீன் என்னும் நீர்மத்தின் மூலக்கூறுகள் பிணைந்தால் பாலிஸ்டைரீன் கிடைக்கிறது. பலபடிகள் எடை குறைந்தவை. விரும்பிய வடிவில் வார்க்கத்தக்கவை. அவற்றின் மேற்பரப்பில் வேறு மூலக்கூறுகளை வேதிப்பிணைப்பால் பொருத்தவும் இயலும். ஆனால், பெரும்பாலான பலபடிகள் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை.

இரும்பின் ஆக்சைடுகளுள் சில காந்தத்தால் வலிமையாக ஈர்க்கப்படுகின்றன. எனினும், அவற்றைத் தூளாக நீரில் இட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியும். உயிரணுக்களுக்கு நடுவே அத்தூளை அப்படியே பயன்படுத்துதல் அரிது. பலபடிக் கோளத்தின் உள்ளே இரும்பு ஆக்சைடை அடக்கிவிட்டால் இவ்விரு குறைகளும் நீங்குகின்றன. உள்ளிருக்கும் கனிமம் காந்தத்தின் அழைப்புக்கு இணங்குகிறது. வெளியிலுள்ள பலபடி உயிரணுக்களோடு உறவாடுகிறது. இவ்வாறு அமைந்த மிகச் சிறிய கோளமே கனிமம் சேர்ந்த பலபடி நுண்கோளம் எனப்படுகிறது.

காந்தப் பயன்பாட்டிற்கு மட்டுமன்றி வேறு பயன்களுக்கும் கனிமங்கள் சேர்க்கப்படுகின்றன. எலும்பை ஒத்த கால்சியம் பாஸ்பேட்டைச் சேர்த்த நுண்கோளங்கள், எலும்புக் குறைகளை நிரப்பும் ஆய்வுகளில் பயன்படுகின்றன. சிலிக்காவைச் சேர்த்தால் கோளத்தின் உறுதி கூடுகிறது. எக்கனிமத்தைச் சேர்ப்பது என்பதை அக்கோளம் ஆற்றவேண்டிய பணியே முடிவு செய்கிறது.

சிறுமையின் பயன்

மருத்துவப் பயன்பாட்டிற்கென உருவாக்கப்பட்ட காந்த நுண்கோளங்களுள் ஒருவகை 4.5 மைக்ரோமீட்டர் விட்டம் உடையது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதரின் சிவப்பணு ஏழு அல்லது எட்டு மைக்ரோமீட்டர் அகலம் உடையது என்பதைக் கொண்டு, இக்கோளத்தின் சிறுமையை உணரலாம்.

சிறிதாக இருப்பதால் விளையும் நன்மை யாது? கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் அடர்த்தியுள்ள ஒரு கிராம் பொருளை ஒரே உருண்டையாகத் திரட்டினால், அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 4 சதுர சென்டிமீட்டர்தான். அதே ஒரு கிராமை 4.5 மைக்ரோமீட்டர் கோளங்களாக ஆக்கினால், ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட மணிகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர சென்டிமீட்டர் ஆகும். மூலக்கூறுகளைப் பொருத்துவதற்கும், அவற்றின் வாயிலாக உயிரணுக்களைப் பற்றுவதற்கும் மேற்பரப்பே இடம் தருகிறது. பொருள் மிகாமல் இடம் மிகுவதே சிறுமையின் பயன்.

கோளம் ஆக்கும் இருவழிகள்

எண்ணெயை நீரில் ஊற்றி விரைந்து கலக்கினால், எண்ணெய் சிறுசிறு துளிகளாகப் பிரிந்து நீர் முழுதும் பரவும். இந்நிலைக்குப் பால்மம் என்று பெயர். கலக்குவதை நிறுத்தினால் துளிகள் மீண்டும் கூடிவிடும். அவ்வாறு கூடாமல் காப்பதற்குச் சேர்க்கப்படும் பொருள் பால்மமாக்கி. துளி தன் மேற்பரப்பை இயன்றவரை குறைத்துக்கொள்ள முயல்வதால் கோள வடிவம் கொள்கிறது. அத்துளியை அந்த நிலையிலேயே திண்மமாக மாற்றிவிட்டால் நுண்கோளம் பிறக்கிறது. பலவகைச் செய்முறைகளுக்கும் இதுவே அடிப்படை.

கனிமத்தைச் சேர்ப்பதில் இருவழிகள் உள்ளன. முதலாவது வழி, முன்னரே சேர்த்தல். பலபடியை எளிதில் ஆவியாகும் கரைப்பான் ஒன்றில் கரைத்து, அக்கரைசலில் கனிமத் துகள்களைக் கலந்து, பால்மமாக்கி சேர்ந்த நீரில் அதனை ஊற்றிக் கலக்குகின்றனர். கரைப்பான் மெல்ல ஆவியாகி வெளியேற, துளிகள் இறுகிக் கோளங்களாகின்றன. இவ்வழி எளியது. ஆயினும், இதில் ஓர் இடையூறு உண்டு. கனிமத் துகள்கள் பெரும்பாலும் நீரை நாடும் இயல்பின. எண்ணெய் போன்ற துளிக்குள் தங்காமல் அவை வெளியிலுள்ள நீருக்குச் சென்றுவிடும். சென்ற பின்னர் ஒரு கோளத்தில் கனிமம் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் காணப்படும். இதனைத் தடுக்க, துகள்களின் மேல் ஒலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலத்தைப் பூசி, அவற்றை எண்ணெய்க்கு இணக்கமாக்குகின்றனர்.

இரண்டாவது வழி, பின்னர் விளைவித்தல். முதலில் நுண்துளைகள் நிறைந்த வெறும் பலபடிக் கோளங்களைச் செய்துகொள்கின்றனர். பின்னர், உலோக உப்பின் கரைசலைத் துளைகளுக்குள் புகவிட்டு, அங்கேயே வேதிவினை நிகழச்செய்து கனிமத்தை விளைவிக்கின்றனர். இவ்வழியில் உழைப்பு மிகுதி; ஆனால், எல்லாக் கோளங்களும் ஒரேபோல் அமைந்திருப்பின் எல்லாவற்றிலும் கனிமமும் ஒரேபோல் விளையும். ஆகவே, இவ்வழியின் வெற்றி, ஒரே அளவுள்ள கோளங்களை முதலில் செய்ய இயலுமா என்னும் வினாவைச் சார்ந்து நின்றது.

ஒரே அளவு ஏன் வேண்டும்?

ஒரு கோளத்தின் விட்டம் மற்றொன்றைப் போல் இருமடங்கு எனக் கொள்வோம். அதன் கன அளவு எட்டு மடங்கு ஆகும். இரும்பு ஆக்சைடும் எட்டு மடங்கு இருக்கும். காந்தம் இழுக்கும் விசையும் எட்டு மடங்காகும். ஆனால், நீர் அக்கோளத்தைத் தடுக்கும் விசை, ஸ்டோக்ஸ் விதியின்படி, விட்டத்தைப் பொறுத்து இருமடங்கே ஆகும். எனவே, பெரிய கோளம் நான்கு மடங்கு விரைவாகக் காந்தத்தை அடையும். சிறியது பின்தங்கும்.

ஆய்வுக்கூடத்தில் இது வெறும் வேறுபாடு. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து புற்றணுக்களை அகற்றும் இடத்தில் இது பெருங்கேடு. ஒரு புற்றணுவைப் பற்றிய சிறிய கோளம் காந்தத்தை அடையாமல் தப்பினால், அப்புற்றணுவும் தப்பிவிடும். ஆகவே, ஒரே அளவு என்பது அழகுக்காக வேண்டப்பட்டதன்று, நம்பகத்திற்காக வேண்டப்பட்டது.

பாலிஸ்டைரீன் கோளங்களைச் செய்யும் பழைய முறைகளுள் ஒன்று, ஒரே அளவான கோளங்களைத் தந்தது. ஆனால், அவை பெரும்பாலும் ஓரிரு மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை. மற்றொன்று பெரிய கோளங்களைத் தந்தது. ஆனால், அவை பல அளவின. இடைப்பட்ட அளவில் ஒரே சீரான கோளங்களைப் பெறுதல் அரிதாக இருந்தது.

இதற்குப் புவியீர்ப்பும் ஒரு காரணம். ஸ்டைரீன் நீரைவிட அடர்த்தி குறைந்தது. பாலிஸ்டைரீன் நீரைவிடச் சற்றே அடர்த்தி மிகுந்தது. எனவே, ஸ்டைரீனை உறிஞ்சிப் பருத்த துளிகள் முதலில் மேலே மிதக்கின்றன. பலபடியாக மாறிய பின்னர் கீழே படிகின்றன. அவ்வாறு நேராமல் தடுக்க விரைந்து கலக்கினால், துளிகள் மோதி ஒட்டிக்கொள்கின்றன. புவியீர்ப்பின் விளைவு தோன்றாத விண்வெளியில் இவ்விடையூறு இராது என எண்ணிய அமெரிக்க அறிவியலாளர், 1982ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொலம்பியா விண்ணோடத்தில் இதற்கான கலன் ஒன்றை அனுப்பினர். லீஹை பல்கலைக்கழகத்தின் ஜான் வாண்டர்ஹாஃப் இம்முயற்சியில் முதன்மையானவர். பின்னர்ச் சென்ற விண்ணோடப் பயணங்களில் 10 மைக்ரோமீட்டர் கோளங்கள் உருவாக்கப்பட்டன. அவை 1985ஆம் ஆண்டு அளவீட்டுத் தரப்பொருளாக விற்பனைக்கு வந்தன.

உகெல்ஸ்டாட் கண்ட வழி

விண்வெளிக்குச் செல்லாமலேயே இச்சிக்கலுக்கு விடை கண்டவர் ஜான் உகெல்ஸ்டாட் (1921 – 1997). நார்வே நாட்டின் டிரொன்ட்ஹெய்ம் நகரிலிருந்த தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், 1976ஆம் ஆண்டு ஒரே அளவுள்ள கோளங்களைத் தரையிலேயே உருவாக்கிக் காட்டினார்.

ஒரே அளவான சிறிய பாலிஸ்டைரீன் கோளங்களை விதைகளாகக் கொண்டு, அவற்றை ஒற்றைப்படியில் ஊறவைத்துப் பருக்கச் செய்யலாம் என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. ஆனால், விதைக்கோளம் தன் கன அளவைப்போல் சில மடங்கு ஒற்றைப்படியை மட்டுமே உறிஞ்சும். அதற்குமேல் உறிஞ்சாமல் நின்றுவிடும்.

உகெல்ஸ்டாட் இதனை இரண்டு படிநிலைகளில் வென்றார். முதற்படியில், நீரில் சிறிதும் கரையாத சிறிய மூலக்கூறுகளைக் கொண்ட சேர்மம் ஒன்றை விதைகளுக்குள் புகுத்தினார். நீர் வழியே அது விதையைச் சென்றடையச் சிறிது அசிட்டோனைத் துணையாகச் சேர்த்துப் பின்னர் அதனை நீக்கினார். நீரில் கரையாமையால் அச்சேர்மம் விதையைவிட்டு வெளியேற இயலாமல் உள்ளேயே தங்கியது. இரண்டாம் படியில் ஒற்றைப்படியைச் சேர்த்தபோது, உள்ளிருந்த சிறுமூலக்கூறுகளோடு கலக்கும் நாட்டத்தால் அது பெருமளவில் விதைக்குள் புகுந்தது. விதைகள் தம் கன அளவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலாக உறிஞ்சின.

கன அளவு ஆயிரம் மடங்கானால் விட்டம் பத்து மடங்காகும். எல்லா விதைகளும் தொடக்கத்தில் ஒரே அளவாக இருந்தமையால், பருத்தபின்னும் அவை ஒரே அளவாகவே இருந்தன. அந்நிலையில் சூடேற்றிப் பலபடியாக்கியபோது ஒரே சீரான கோளங்கள் கிடைத்தன.

துளைக்குள் விளைந்த இரும்பு

அடுத்து, கோளங்களைக் காந்தத்திற்கு இணங்கச் செய்யவேண்டும். ஒற்றைப்படியோடு வினைபுரியாத நீர்மம் ஒன்றையும் உடன் சேர்த்துப் பலபடியாக்கிப் பின்னர் அந்நீர்மத்தைக் கழுவி நீக்கினால், அது இருந்த இடமெல்லாம் துளைகளாகும். சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் சேர்மத்தையும் சேர்ப்பதால் துளைகள் மூடிக்கொள்வதில்லை.

அத்துளைகளின் சுவர்களில் ஆக்சிஜனேற்றம் செய்யவல்ல நைட்ரோ தொகுதிகள் பொருத்தப்பட்டன. பின்னர், இரும்பு உப்பின் கரைசல் புகவிடப்பட்டது. துளைகளுக்குள் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆக்சைடாகப் படிந்தது. வெளியிலுள்ள நீரில் படியாமல் சுவரிலேயே படிந்ததால், ஒவ்வொரு கோளமும் ஏறத்தாழ ஒரே அளவு இரும்பைப் பெற்றது. இறுதியில் துளைகள் பலபடியால் நிரப்பப்பட்டு மூடப்பட்டன. உள்ளிருக்கும் இரும்பு வெளியே கசியாமல் காப்பதற்கும், எதிர்ப்பொருள்களைப் பொருத்துவதற்கு ஏற்ற மேற்பரப்பைத் தருவதற்கும் இவ்வுறை பயன்பட்டது.

இரும்பு ஆக்சைடு மிகநுண்ணிய மணிகளாகப் படிந்ததில் மற்றொரு நன்மையும் விளைந்தது. பெரிய இரும்புத் துண்டு, காந்தத்தை விலக்கிய பின்னும் சிறிது காந்தத்தன்மையைத் தக்கவைத்துக்கொள்ளும். அவ்வாறாயின், கோளங்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டிப்படும். ஆக்சைடு மணிகள் ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவிற்குச் சிறுத்துவிட்டால், வெப்ப அசைவே அவற்றின் காந்தத் திசையை ஓயாமல் மாற்றிவிடும். ஆகவே, காந்தம் அருகில் இருக்கும்போது கோளங்கள் வலிமையாக ஈர்க்கப்படும். விலக்கியவுடன் காந்தத்தன்மையை இழந்து நீரில் மீண்டும் பரவும். இப்பண்பு மீபாரா காந்தத்தன்மை எனப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

கோளங்களின் அளவு எவ்வளவு சீரானது என்பதை மாறுபாட்டுக் கெழுவால் குறிப்பர். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் இக்கெழு கிடைக்கும். சராசரி விட்டம் 4.5 மைக்ரோமீட்டராகவும் திட்ட விலக்கம் 0.09 மைக்ரோமீட்டராகவும் இருந்தால், மாறுபாட்டுக் கெழு 2 விழுக்காடு ஆகும். இக்கெழு குறையக் குறையச் சீர்மை மிகும்.

ஆய்ந்தறியும் முறைகள்

செய்த கோளம் எண்ணிய கோளம்தானா? இவ்வினாவிற்கு ஒரே கருவியால் விடை காண இயலாது. ஒவ்வொரு கருவியும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தரும்.

அளவும் வடிவும் யாவை என்னும் கேள்விக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி விடை தருகிறது. ஒரு கோளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. நூற்றுக்கணக்கான கோளங்களை அளந்து, சராசரியையும் மாறுபாட்டையும் கணக்கிட வேண்டும். அழகான ஒரு கோளத்தின் படம் மற்றக் கோளங்களைப் பற்றி எதுவும் கூறாது.

கனிமம் எங்கே இருக்கிறது என்பதை அறிய, கோளத்தைப் பிசினில் பதித்து மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, எலக்ட்ரான் கதிர் ஊடுருவும் நுண்ணோக்கியில் காண்கின்றனர். ஆக்சைடு கருமையாகவும் பலபடி வெளிறியும் தோன்றும். கனிமம் உள்ளெங்கும் பரவியுள்ளதா, புறத்தே மட்டும் ஒட்டியுள்ளதா என்பது இதனால் விளங்கும். புறத்தே ஒட்டிய கனிமம் கழுவும்போது உதிரக்கூடும்.

கனிமம் எவ்வளவு என்பதை வெப்ப எடையறி பகுப்பாய்வு காட்டுகிறது. கோளங்களைக் காற்றில் படிப்படியாகச் சூடேற்றினால் பலபடி எரிந்து நீங்கும். ஃபெரிக் ஆக்சைடு எஞ்சும். எடுத்துக்காட்டாக, 100 மில்லிகிராம் கோளங்கள் எரிந்தபின் 29 மில்லிகிராம் எஞ்சின எனக் கொள்வோம். ஃபெரிக் ஆக்சைடின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு இரும்பு. எனவே, அக்கோளங்களில் இருந்த இரும்பு ஏறத்தாழ 20 மில்லிகிராம். எலும்பைச் சுட்டபோது கனிமம் மட்டும் எஞ்சியதன் நுட்பமான வடிவமே இச்சோதனை.

கனிமம் எது என்பதை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு கூறும். ஆயினும், இரும்பின் ஆக்சைடுகளான மேக்னடைட்டும் மேகமைட்டும் ஏறக்குறைய ஒரே வகையான எக்ஸ் கதிர்க் கோலத்தைத் தருவன. ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடாமல் இருக்க, மோஸ்பௌவர் நிறமாலை போன்ற வேறொரு சோதனையும் தேவைப்படுகிறது. காந்தத்தன்மை எத்தகையது என்பதைக் காந்தமானி அளக்கிறது. புறக்காந்தப் புலம் சுழியாகும்போது கோளத்தின் காந்தத்தன்மையும் சுழியானால், அது மீபாரா காந்தம் என்பது உறுதிப்படும். இறுதியாக, கோளங்களை நீர்மத்தில் பல நாள்கள் வைத்து, கசிந்த இரும்பின் அளவைக் காண்கின்றனர்.

ஒரு சோதனையில் தேறிய கோளம் மற்றொன்றில் தவறலாம். அளவில் சீராக இருந்தும் இரும்பு கசியலாம். இரும்பு மிகுந்திருந்தும் கட்டிப்படலாம். எல்லாச் சோதனைகளின் விடைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துச் செல்லும்போதுதான் அக்கோளம் உயிரணுக்களின் அருகில் செல்லும் தகுதியைப் பெறுகிறது.

குழந்தைகளுக்கான முயற்சி

நியூரோபிளாஸ்டோமா என்பது பெரும்பாலும் சிறு குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய். முதிர்ச்சி அடையாத நரம்பணுக்களிலிருந்து தோன்றும் இந்நோய், பல குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை வரை பரவிய பின்னரே கண்டறியப்படுகிறது. வீரியம் மிகுந்த மருந்துகளைச் செலுத்தினால் புற்றணுக்கள் அழியும். ஆனால், இரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜையும் உடன் அழியும். எனவே, மருந்து செலுத்துவதற்கு முன்னர் மஜ்ஜையில் சிறிது எடுத்துச் சேமித்து, மருத்துவம் முடிந்தபின் மீண்டும் செலுத்துவர். எடுத்த மஜ்ஜையிலேயே புற்றணுக்கள் கலந்திருந்தால் என் செய்வது?

இதற்குக் காந்த நுண்கோளங்கள் பயன்பட்டன. புற்றணுவின் மேற்பரப்பை மட்டும் இனங்கண்டு ஒட்டும் எதிர்ப்பொருள்கள் முதலில் மஜ்ஜையில் சேர்க்கப்பட்டன. அவ்வெதிர்ப்பொருள்களைப் பற்றும் மூலக்கூறுகளைச் சுமந்த கோளங்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. புற்றணுக்களோடு கோளங்கள் ஒட்டிக்கொண்டன. மஜ்ஜையைக் காந்தங்களின் அருகே மெல்லச் செலுத்தியபோது, கோளங்களும் அவை பற்றிய புற்றணுக்களும் அங்கேயே தங்கின. நல்ல அணுக்கள் கடந்து சென்றன. லண்டன் மருத்துவ ஆய்வாளர்களும் உகெல்ஸ்டாட் உள்ளிட்ட வேதியியலாளரும் இணைந்து செய்த இவ்வாய்வு, 1984ஆம் ஆண்டு ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது.

ஆய்வு நிற்பதில்லை

கோளம் தன் பணியைச் செவ்வனே செய்தது. ஆனால், அதனால் குழந்தைகள் நீண்டகாலம் வாழ்ந்தனரா என்பது வேறு கேள்வி. அதற்கு நுண்ணோக்கியோ காந்தமானியோ விடை கூற இயலாது. அமெரிக்காவில் நடந்த பெரிய மருத்துவ ஆய்வொன்றில், குழந்தைகளின் இரத்தத்திலிருந்து சேகரித்த குருத்தணுக்கள் ஒரு பிரிவினருக்குக் காந்த முறையால் தூய்மை செய்து செலுத்தப்பட்டன. மற்றொரு பிரிவினருக்குத் தூய்மை செய்யாமலேயே செலுத்தப்பட்டன. 2013ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவு, இரு பிரிவினரிடையே நோய் திரும்புவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் காட்டியது. நோய் திரும்புவதற்குச் செலுத்தப்பட்ட அணுக்களைவிட, உடலிலேயே எஞ்சியிருக்கும் புற்றணுக்களே பெரிதும் காரணமாகலாம் என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்து.

இம்முடிவை நுண்கோளத்தின் தோல்வி எனக் கொள்ளுதல் பொருந்தாது. தேவையற்ற ஒரு படிநிலையிலிருந்து நோயுற்ற குழந்தைகளை விடுவித்ததும் ஆய்வின் பயனே. நம்பிக்கை அளித்த ஒரு முறையை அளந்து பார்க்கும் துணிவும், அளவு கூறியதை ஏற்கும் நேர்மையும் அறிவியலுக்கு இன்றியமையாதவை.

கோளத்தின் பயணம் அத்துடன் முடியவில்லை. உயிரணுக்களைப் பிரித்தெடுத்தல், நோய்க்கிருமிகளின் மரபுப்பொருளைத் தனித்தெடுத்தல், குருதியில் உள்ள நுண்ணளவுப் புரதங்களை அளத்தல் எனப் பல பணிகளில் காந்த நுண்துகள்கள் இன்று பயன்படுகின்றன. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே எடுத்துப் புற்றணுக்களை எதிர்க்கும் ஆற்றலை ஊட்டித் திரும்பச் செலுத்தும் மருத்துவம், குழந்தைகளையும் இளையோரையும் தாக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அவ்வெள்ளணுக்களை உடலுக்கு வெளியே தூண்டிப் பெருக்குவதற்கும் எதிர்ப்பொருள் பொருத்திய காந்த நுண்கோளங்களே பயன்படுத்தப்பட்டன. பெருகிய பின்னர்க் காந்தத்தால் கோளங்களை அகற்றிவிட்டு அணுக்களை மட்டும் செலுத்தினர்.

2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றின்போது, சோதனைக்கு வேண்டிய பொருள்களுக்குப் பல நாடுகளிலும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது டிரொன்ட்ஹெய்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிலிக்கா பூசிய இரும்பு ஆக்சைடு நானோதுகள்களைக் கொண்டு தீநுண்மியின் மரபுப்பொருளைப் பிரித்தெடுக்கும் முறையை உருவாக்கினர். உகெல்ஸ்டாட் ஆய்வு செய்த அந்நகரில், அவர் பெயர் தாங்கிய ஆய்வகம் இன்றும் இயங்கி வருகிறது.

கனிமமும் பலபடியும் கூடி நிற்கும் ஒரு நுண்மணி, மருத்துவரின் கைக்கு எட்டாத இடத்தில் அவர் கையாகச் செயல்படுகிறது. அக்கையை நம்பலாம் என்று கூறும் உரிமையை அதற்குத் தருவது, அதனைச் செய்த திறம் மட்டுமன்று; ஒவ்வொரு படியிலும் அதனை அளந்து, ஐயுற்று, மீண்டும் அளந்த பொறுமையும் ஆகும். ஆக்குதலும் ஆராய்தலும் இணைந்ததே அறிவியல்.

கலைச்சொல் விளக்கம்

ஒற்றைப்படி – பிணைந்து பலபடியாகும் சிறிய மூலக்கூறு.
கூட்டுப்பொருள் – தத்தம் இயல்பை இழக்காத இருவேறு பொருள்கள் இணைந்து அமைந்த பொருள்.
பால்மம் – ஒரு நீர்மத்தின் துளிகள் அதில் கரையாத மற்றொரு நீர்மத்தில் பரவியிருக்கும் நிலை.
எதிர்ப்பொருள் – குறிப்பிட்ட ஒரு மூலக்கூற்றை இனங்கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம்.
மீபாரா காந்தத்தன்மை – புறக்காந்தம் உள்ளபோது மட்டும் வலிமையாக ஈர்க்கப்பட்டு, அது நீங்கியதும் காந்தத்தன்மை எஞ்சாத பண்பு.

கற்பவை கற்றபின்

1. அன்றாட வாழ்வில் காணும் ஐந்து கூட்டுப்பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒவ்வொரு பொருளும் ஆற்றும் பணியைக் குறிப்பிடுக.
2. ‘ஆக்குதலும் ஆராய்தலும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் இரண்டு நிமிடம் உரையாற்றுக.

மதிப்பீடு

குறுவினா

1. வினிகரில் ஊறிய எலும்பு வளைவதற்கும், சுட்ட எலும்பு நொறுங்குவதற்கும் காரணம் யாது?
2. கனிமத் துகள்களின் மேல் கொழுப்பு அமிலம் பூசப்படுவது ஏன்?

சிறுவினா

1. விதைக்கோளங்களைப் பருக்கச் செய்த இரண்டு படிநிலைகளை விளக்குக.
2. நுண்கோளங்கள் ஒரே அளவாக இருக்கவேண்டியதன் இன்றியமையாமையைக் கணக்கீட்டுடன் எழுதுக.

நெடுவினா

1. ‘கருவி தன் பணியைச் செய்வதும் அதனால் நோயாளி நலம் பெறுவதும் வெவ்வேறு கேள்விகள்’ – இக்கருத்தைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.